ஜீரோ என்று பட்டியலில் வந்தாலும் பரவாயில்லை, சொந்தப் பணத்தைப் போடாதீர்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் ஏ.பி.பி.எம். (உதவிக் கிளை அஞ்சல் அலுவலர்) ஆக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துக் கிடைத்த வேலை. சேர்ந்து 2 வருடம் 4 மாதம் ஆகிறது. 4 மணி நேர வேலை என்றுதான் எடுத்தார்கள். பை வந்து சேரவே 11 மணி ஆகிவிடும். அதன் பிறகு ஆறு ஊருக்கு ஸ்கூட்டியில் போய்த் தபால் கொடுக்கிறேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். மாலையில் நான் தையல் தைக்கிறேன்.

தபால் வேலையில் எனக்குக் கஷ்டம் இல்லை, டார்கெட்தான் கஷ்டம். மேளா, லாகின் டே என்று கணக்குப் பிடிக்கும் நாள் மாதத்துக்கு நான்கைந்து வந்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கு, ஐ.பி.பி.பி. (அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி) கணக்கு, ஆர்.பி.எல்.ஐ. (கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு) பாலிசி என எல்லாவற்றிலும் எண்ணிக்கை கேட்கிறார்கள். முடிக்காதவர்களின் பெயரைச் சிவப்பில் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விடுகிறார்கள். பயந்துபோய்ச் சொந்தக்காரர்கள் நான்கு பேர் பெயரில் ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) தொடங்கினேன். மாதம் 1,600 ரூபாய் நானே கட்டுகிறேன். போன மாதம் கையில் காசு இல்லாததால், ஒரு பாட்டி கொடுத்த 500 ரூபாயை இதில் போட்டுவிட்டு, அவர் கணக்கில் இரண்டு நாள் கழித்துத்தான் வரவு வைத்தேன். டெலிவரி எண்ணிக்கை குறைந்தாலும் திட்டு விழுகிறது. “அடுத்த மாதமும் ஜீரோ என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்று எங்களை மேற்பார்வையிடும் ஓவர்சியர் சொல்லிவிட்டார். போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? நானே விட்டுவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்)

ஆலோசனை:

அன்புச் சகோதரிக்கு,

அரசுப் பணியாளர்களின் பணி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். உங்களைப் போன்ற கிராம அஞ்சல் ஊழியர்களின் விசாரணைக் கோப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. டார்கெட் முடிக்காததற்காக வேலை போனவரின் கோப்பை நான் பார்த்தது மிக அரிது. டார்கெட்டை முடிக்கச் செய்த காரியத்தால் வேலை போனவர்களின் கோப்புகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் கடிதத்தில் அந்தப் பாட்டியின் 500 ரூபாயைப் பற்றி எழுதிய ஒரே வரி, மற்ற எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாங்கிய பணத்தை அன்றைய கணக்கில் வரவு வைக்காமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், இரண்டு நாளில் திருப்பி வைத்தாலும், துறையின் பார்வையில் அது தற்காலிகக் கையாடல். தொகை சிறியது, மனதில் கெட்ட எண்ணம் இல்லை, யாருக்கும் நட்டம் இல்லை என்று நாம் எத்தனை சொன்னாலும், பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வேலையில் நீதிமன்றங்கள் இதற்குப் பெரும்பாலும் இரக்கம் காட்டுவதில்லை. பணத்தை முழுதாகத் திருப்பிக் கட்டிய பிறகும் பணிநீக்கத்தை உறுதி செய்த தீர்ப்புகள் உண்டு. நீங்கள் திருட நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டியின் பாஸ்புக்கை ஆய்வாளர் கையில் எடுத்து, பணம் கொடுத்த தேதியை அவரிடம் கேட்டால், அங்கே உங்கள் நல்ல மனது எழுதியிருக்காது, தேதி மட்டும்தான் இருக்கும்.

நடந்தது நடந்துவிட்டது. பணமும் கணக்கில் ஏறிவிட்டது. இனி இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள். எந்தப் பதிவேட்டிலும் தேதியைத் திருத்தாதீர்கள். யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதல் தவறுக்கு ஒரு விளக்கம் இருக்கலாம், அதை மறைக்கச் செய்யும் இரண்டாவது காரியத்துக்கு விளக்கமே இருக்காது. இது பற்றி எழுத்துமூலமாக எதுவும் கேட்டால், பதில் எழுதும் முன் தருமபுரியில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பொய் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இப்போது அந்த நான்கு ஆர்.டி. மாதம் 1,600 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும்வரை பாட்டியின் 500 ரூபாய் போன்ற ஒன்று மறுபடியும் நடக்கும். 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 4 மணி நேர ஏ.பி.பி.எம்.முக்கு அடிப்படைத் தொகை 10,000 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்ந்தாலும், பெட்ரோல் போக, வீட்டுச் செலவு போக, அதில் 1,600 ரூபாய் பெரிய தொகை. இந்த மாதமே நிறுத்துங்கள். அந்த நான்கு பேரையும் நேரில் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள்: “உங்க பேர்ல நான்தான் கட்டிட்டு இருந்தேன், இனிமே என்னால முடியாது, தொடரணும்னா நீங்களே கட்டுங்க.” விருப்பம் இருப்பவர் தொடரட்டும். மற்றவர் கணக்கு தவணை தவறட்டும். தவறிய தவணைக்கு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் கட்டணம் விழும். நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுபோகும். போட்ட பணம் எங்கும் போகாது, மூன்று வருடம் முடிந்ததும் சேமிப்புக் கணக்கு வட்டியோடு முன்கூட்டியே முடித்து வாங்கிக்கொள்ளலாம்.

பாஸ்புக்குகள் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் இன்றைக்கே அவரவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். பாஸ்புக்கை வாங்கியதற்குத் தரும் எஸ்.பி. 28 ரசீது போடாமல் ஒருவருடைய பாஸ்புக்கை நாம் வைத்திருப்பதே தனிக் குற்றச்சாட்டு ஆகும். சொந்தக்கார வீட்டுப் பாஸ்புக் என்று ஆய்வில் சலுகை கிடையாது.

டெலிவரி பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கைக்காக, கொடுக்காத தபாலைக் கொடுத்ததாகப் பதிவு செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இதைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஊர்களில் 11 மணிக்கு மேல் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கேழ்வரகுக் காட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள். ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கலாம் என்கிற தபாலில் போன் நம்பர் பெங்களூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும், அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டு போனை எடுக்க மாட்டார். அப்போது கதவு பூட்டியிருந்தது என்று உண்மையை எழுதுங்கள், எண்ணிக்கை குறையட்டும். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஆகவே வக்கீல் நோட்டீசும் அரசுக் கடிதமும் வேலைக்கான அழைப்பும் விரைவுத் தபால் கட்டோடுதான் வருகின்றன. சரியான முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு நீங்களே கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தால், வழக்கு நடப்பதே தெரியாமல் ஒருவருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடலாம், நிலம் போய்விடலாம். அந்தக் குடும்பம் தேடி வரும்போது ஓவர்சியர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

ஐ.பி.பி.பி. கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. விரல் ரேகை வாங்கும்போது எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். “பென்ஷன் சரி பார்க்கணும், ரேகை வைங்க பாட்டி” என்று சொல்லிக் கணக்குத் தொடங்குவதும், கணக்கோடு சேர்த்து விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பதைச் சொல்லாமல் விடுவதும் ஏமாற்று வேலைதான். மேலே இருப்பவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் கருவியில் பதிவாவது உங்கள் ஐ.டி.

இனி நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி. வேலையை விட்டு எடுப்பார்களா?

கிராம அஞ்சல் ஊழியர்கள் முறையான அரசு ஊழியர் வரிசைக்குள் வராதவர்கள். ஆனாலும் அவர்கள் வகிப்பது அரசின் கீழுள்ள பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் அஞ்சல் கண்காணிப்பாளர் எதிர் பி.கே.ராஜம்மா வழக்கில் சொல்லிவிட்டது. அப்போது உங்கள் பதவிக்குப் பெயர் இ.டி. ஏஜென்ட், அதாவது துறை சாராத முகவர். அந்தத் தீர்ப்பால்தான் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவின் பாதுகாப்பு உங்களுக்கும் கிடைக்கிறது. கிராம அஞ்சல் ஊழியர்களுக்கான இப்போதைய 2020-ஆம் ஆண்டு விதிகளும் அதையேதான் சொல்கின்றன: குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை நடத்தி, உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டனையாக உங்களை நீக்க முடியாது. ஓவர்சியருக்கு அந்த அதிகாரம் இல்லவே இல்லை. அவர் “எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்பதற்குக் காரணமே, எடுப்பதற்கு அவரிடம் வழி இல்லை, நீங்களாகப் போனால்தான் உண்டு என்பதுதான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். தொடர்ச்சியாக 3 வருடம் முடிக்காத ஊழியரை எழுத்துமூல நோட்டீஸ் கொடுத்து விடுவிக்க 8-ஆவது விதியில் இடம் இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதத்துக்கான தொகை, அவ்வளவுதான். உங்களுக்கு 3 வருடம் முடிய இன்னும் 8 மாதம் இருக்கிறது. இந்த விதியைத் தண்டனைக்கு முகமூடியாகப் பயன்படுத்தினால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், உண்மையான காரணம் என்ன என்று திரையை விலக்கிப் பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனாலும் வழக்கு நடத்தி ஜெயிப்பதைவிட அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது மேல். ஆகவே இந்த 8 மாதம் கோபத்தில் எதையும் செய்யாதீர்கள். குரூப்பில் எதிர்த்து எழுதாதீர்கள். மேளாவுக்குப் போகாமல் இருக்காதீர்கள். “இது என் வேலை இல்லை” என்றும் சொல்லாதீர்கள். ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே ஐ.பி.பி.பி. பணியும் வணிகம் பிடித்துத் தருவதும் உங்கள் கடமைகளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முயற்சி செய்வது உங்கள் கடமை. அந்த எண்ணிக்கை வந்தே தீரும் என்று உங்களால் உத்தரவாதம் தர முடியாது, அதை யாரும் உங்களிடம் சட்டப்படி கேட்கவும் முடியாது.

அதனால் முயற்சிக்கு ஆதாரம் வைத்திருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஊர், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். சிக்னல் கிடைக்காமல் கணக்குத் தொடங்க முடியாத நாளையும் எழுதுங்கள். குரூப்பில் வரும் சிவப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாயால் சொன்ன மிரட்டலையும் சொன்னவர், நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள்.

மெமோ வந்தால் பயந்துவிடாதீர்கள். விளக்கம் கேட்கும் கடிதம் தண்டனை ஆகாது. பதிலைப் பணிவாக, சுருக்கமாக எழுதுங்கள். பலர் செய்யும் தவறு, பதிலில் “தவறுக்கு வருந்துகிறேன், அடுத்த மாதம் கட்டாயம் முடிப்பேன்” என்று எழுதுவது. இல்லாத தவறை ஒப்புக்கொண்டு, தர முடியாத வாக்கையும் தந்துவிட்டால் அடுத்த மெமோ அந்த வாக்கைத்தான் மேற்கோள் காட்டும். இப்படி எழுதினால் போதும்: “மேற்படி மாதத்தில் நான் தபால் கொடுக்கும் பகுதியில் உள்ள இத்தனை வீடுகளை நேரில் அணுகினேன். விருப்பம் தெரிவித்த இத்தனை பேருக்குக் கணக்குத் தொடங்கப்பட்டது. மற்றவர்கள் விருப்பம் தெரிவிக்கவில்லை. தொடர்ந்து முயற்சி செய்து வருகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” நகலில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ராஜினாமாக் கடிதத்திலோ தேதி போடாத வெள்ளைத் தாளிலோ எந்த மிரட்டலுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் மிகவும் சிக்கலான நிலையில் இருப்பவர்கள், கோபத்தில் அல்லது அழுகையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். நீக்கினால் எதிர்த்து வழக்காடலாம். தானாக விலகியதாகக் காகிதம் இருந்தால் அது விருப்பமில்லாமல் எழுதியது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

மிரட்டல் தொடர்ந்தால் முதலில் உட்கோட்ட ஆய்வாளரிடம், அடுத்து தருமபுரி கோட்டக் கண்காணிப்பாளரிடம், அதற்கும் மேல் கோவையில் உள்ள மேற்கு மண்டல போஸ்ட்மாஸ்டர் ஜெனரலிடம் எழுத்தில் முறையிடலாம். உங்கள் கோட்டத்துச் சங்க நிர்வாகியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓவர்சியரால் பாதிக்கப்பட்ட ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதும் மனுவுக்கு இருக்கும் கனம் தனி மனுவுக்கு இல்லை. எதுவும் பலிக்காமல் உங்களுக்கு எதிராக உத்தரவு வந்துவிட்டால் சென்னையில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், மனுக் கட்டணம் 50 ரூபாய்தான். வழக்கறிஞர் செலவு தனி, அதற்கும் வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

எண்ணிக்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த 8 மாதத்துக்கு முழு ஜீரோவும் உங்களுக்கு நல்லதல்ல. மேளா நாளில் அவசரத்துக்குப் பிடிக்கும் பாலிசி அடுத்த தீபாவளிக்குள் செத்துவிடும். மூன்று வருடம் முடியாத ஆர்.பி.எல்.ஐ. பாலிசியில் ஆறு மாதம் பிரீமியம் கட்டாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், சரண்டர் செய்து பணம் வாங்கவும் முடியாது. கட்டட வேலைக்குப் போன குடும்பத்தில் பணம் மாதாமாதம் ஒரே சீராக வராது. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊருக்கு வரும்போதுதான் கையில் வரும். அவர்களிடம் மாதப் பிரீமியம் பேசினால் மூன்றாம் மாதம் நிற்கும், ஊருக்கு வந்திருக்கும்போது சில மாதத்துக்குச் சேர்த்து முன்கூட்டியே கட்டச் சொன்னால் நிற்காது. பட்டுப்பூச்சி வளர்ப்பவர்களுக்குக் கூடு விற்ற வாரத்தில் பணம் இருக்கும், அப்போது போய்ப் பேசுங்கள். மா அறுவடைப் பருவத்திலும் அப்படித்தான்.

உங்களுக்கு மிகவும் பொருத்தமானது செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்பது என் எண்ணம். 10 வயதுக்குள் பெண் குழந்தை இருக்கும் வீடுகள் எவை என்று உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். ஏழைத் தாயிடம் நெஞ்சறிந்து பேசக்கூடிய திட்டம் அது. சேமிப்புக் கணக்கில் மட்டும் கவனம்: நிதியாண்டு முடிவில் இருப்பு 500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். அதைச் சொல்லாமல் தொடங்கிக் கொடுத்தால் அடுத்த ஏப்ரலில் அந்த வீட்டு வாசலில் உங்களால் நிம்மதியாக நிற்க முடியாது. தினமும் நீங்கள் போக வேண்டிய வாசல் அது.

படபடப்பும் தூக்கமின்மையும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பென்னாகரம் அரசு மருத்துவமனை மருத்துவரிடமும் சொல்லுங்கள். குரூப்பை மாலையில் ஒலியில்லாமல் வையுங்கள். 4 மணி நேரத்துக்குத்தான் உங்களுக்குத் தொகை தருகிறார்கள், இரவு ஒன்பது மணிக்கு வரும் பட்டியலுக்கு உடனே பதில் போட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு, இப்போது வேண்டாம் என்பது என் பதில். போஸ்ட்மேன், எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்) பதவிகளுக்குத் துறைக்குள் நடக்கும் தேர்வை, அதற்குத் தேவையான பணிக்காலம் முடிந்ததும் நீங்கள் எழுதலாம். முழுநேர அரசு வேலைக்கு உங்கள் கையில் உள்ள நேர்வழி அதுதான். ஒழுங்கு நடவடிக்கையில் விதிக்கக்கூடிய தண்டனைகளில் ஒன்று, அந்தத் தேர்வை 3 வருடம் வரை எழுதவிடாமல் தடுப்பது. பதிவேட்டில் கறை இல்லாமல் இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும், அதற்காகவும்தான் ஆர்.டி. விஷயத்தில் இத்தனை கடுமையாகச் சொன்னேன். தேர்வெழுதும் எண்ணமே இல்லை, தையலிலேயே இதைவிட வருமானம் வருகிறது என்றால், 3 வருடம் முடித்த பிறகு யார் மிரட்டலும் இல்லாத ஒரு நாளில், கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நான்கு பாஸ்புக்குகளும் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுத்துமூலமாக ஏதாவது வந்தால் அதன் நகலோடு மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.